இரண்டாவது வெடி

மாணவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆசிரியைக்கு இருபத்தெட்டு.

மாணவர் பெயர் புவனேந்திரன். சுவிற்சர்லாந்தில் ஒரு மலையடிவாரக் கிராமம். அங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. ஆசிரியை சாருகா அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் குறிபார்த்துச் சுடச் சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் எடுத்தவள். பதினைந்து வருடங்களுக்கு முன்பு அவள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் பந்தியில் நின்று சோறு போட்டவர் இதே புவனேந்திரன்தான். இருந்தாலும், சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சங்கத்தின் சூட்டுக் கொட்டகைக்குள் கால் வைத்துவிட்டால் அவளை அவர் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். நக்கலுக்கு இல்லை. மனதார.

மூன்று வருடமாகச் சுடுகிறார். அதில் அவர் கண்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பாயில் குப்புறப் படுத்து, துவக்கின் கட்டையில் கன்னத்தை வைத்தால், முந்நூறு மீற்றருக்கு அப்பால், பச்சைச் சரிவில் ஒரு கறுப்பு வட்டம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் அந்த வட்டமும் நின்று கொடுக்கும். விரல் மெல்ல அழுத்தும். பக்கத்துத் திரையில் ஒரு புள்ளி விழும். பக்கத்தில் பத்து என்று எண் வரும். கணக்குச் சரிவந்த பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சிரிப்பார். முழங்கால் வலி, வேலையிடத்துப் புறுபுறுப்பு ஒன்றும் அந்த நேரம் அவருக்கு ஞாபகம் இருக்காது.

மனைவி யோகராணிக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனுசன். இஞ்ச வந்து துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறியள். வெக்கமில்லையே?"

"அது வேற துவக்கு, இது வேற துவக்கு, யோகா."

"துவக்கில என்ன வேற?"

பதில் வராதபோது மனிதர் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். இவரும் கொடுத்தார். ஜூன் மாதம் ஊர்ப் போட்டி. குறித்த புள்ளிகள் எடுத்தால் நெஞ்சில் குத்த ஒரு சின்ன மெடல். முதல் வருடம் இரண்டு புள்ளியால் போனது. அடுத்த வருடம் ஒரு புள்ளியால். இந்த முறையும் போனால் துவக்கைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் கேட்டார்:

"ரீச்சர், இந்தத் துவக்கில என்ன பிழை?"

"ஏன் அங்கிள்?"

"முதல் வெடி பத்தில போகுது. அதுக்குப் பிறகு விழுகிறது எல்லாம் கீழ, இடப்பக்கம். மணிக்கூட்டில ஏழு இருக்கிற இடம். ஒவ்வொரு ரவையாப் போட்டுச் சுட்டால் அப்பிடி இல்லை. ஒரு நிமிசத்தில ஆறு எண்டு சுடேக்கதான்."

அந்தத் துவக்கு ஒரு தரம் அழுத்த ஒரு தரம்தான் வெடிக்கும். ஆனால் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். சுடுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. திரும்ப அழுத்தினால் போதும்.

"கண்ணாடியை மாத்தினனான். சட்டையை மாத்தினனான். காத்தையும் பாத்துச் சுட்டனான். இனித் துவக்குத்தான் மிச்சம்."

சாருகா துவக்கை வாங்கிப் பார்க்கவில்லை.

"மகஸினைத் தாங்கோ" என்றாள்.

ரவை அடுக்கும் அந்த மகஸின், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். அவள் அதைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஆறு ரவைகளை நிரப்பினாள்.

"ஏன் ஒளிக்கிறியள்?"

"சுடுங்கோ அங்கிள்."

அவர் படுத்தார். பக்கத்துப் பாயில் குர்ட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். புவனேந்திரன் காதுக்கவசத்தை இழுத்துச் சரிசெய்து, மூச்சை விட்டு, அழுத்தினார்.

பத்து.

இரண்டாவது தரம் அழுத்தினார். 'டிக்' என்றது. வெடி இல்லை. ஆனால் குழல் தலையைக் குத்திக்கொண்டு கீழே போய் வந்தது.

புவனேந்திரன் திகைத்துப்போனார்.

"ரீச்சர், துவக்கு வெடிக்கேல்லை. ஆனால் ஆடினது!"

"துவக்கு ஆடேல்லை, அங்கிள்."

"என்ர கண்ணால பாத்தனான்."

"உள்ள இருந்தது பொய் ரவை. அதில வெடிமருந்து இல்லை. வெடிக்காத துவக்கு ஏன் ஆடப்போகுது? ஆடினது நீங்கள்."

அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளிறிவிட்டது. மூன்று வருடமாக வெடிச் சத்தத்துக்குள்ளும் தோளில் விழும் உதைப்புக்குள்ளும் ஒளிந்திருந்த ஒன்று, சத்தம் இல்லாதவுடன் வெளியே வந்து நின்றது.

"மிச்சத்தையும் சுடுங்கோ. கண்ணை மூடாதையுங்கோ."

"நான் கண் மூடுறனானோ?"

"ஓம்."

கையால் இழுத்துப் பொய் ரவையை வெளியே தள்ளினார். அழுத்தினார். வெடித்தது. திரையில் புள்ளி வழக்கம்போல ஏழு மணிப் பக்கம் விழுந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு அடுத்ததை அழுத்தினார்.

'டிக்.'

அதே கணத்தில் பக்கத்தில் குர்ட் சுட்டார்.

அடுத்து நடந்ததைக் கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். புவனேந்திரன் துவக்கை விட்டுவிட்டார். முகத்தைப் பாயில் புதைத்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தார்.

சாருகா முதலில் துவக்கைப் பூட்டி, மகஸினைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் அவர் பக்கத்தில் குந்தினாள். குர்ட் தன் துவக்கை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அங்கிள்."

அவர் எழும்பினார். முழங்காலைத் தட்டினார். சட்டையைத் தட்டினார். தட்டுவதற்கு அங்கே தூசி இருக்கவில்லை.

"என்னை எல்லாருக்கும் முன்னால கோமாளி ஆக்கிப்போட்டியள்."

சொல்லிவிட்டு, துவக்கையும் மகஸினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனி வரவில்லை. அதற்கு அடுத்த சனியும் வரவில்லை. சாருகா தொலைபேசி எடுக்கவும் இல்லை. யோகராணிதான் இரண்டு தரம் கேட்டாள், "இண்டைக்குப் போகேல்லையே?" என்று. அவர் வெங்காயம் உரிப்பதில் கவனமாக இருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று வருடம் சொன்னவளுக்கு, அவர் போகாமல் இருப்பதைப் பார்க்க ஏனோ பயமாக இருந்தது.

மூன்றாவது சனி வந்தார். துவக்கைத் துணிப்பையில் போட்டுச் சிப்பை இழுத்து மூடியிருந்தார். போட்டிக்கு இன்னும் எட்டு நாள்.

"திருப்பித் தர வந்தனான், ரீச்சர்."

"இருங்கோ" என்றாள்.

மர வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். குர்ட் தூரத்தில் இருந்தே தலையாட்டிவிட்டுத் தன் பாயில் படுத்தார். இரண்டு வெடி கேட்டபிறகு புவனேந்திரன் சொல்லத் தொடங்கினார்.

"அப்ப ஊரில, எனக்கு இருபது வயசு. வீட்டுக்கு மேல ஹெலிகொப்டர் வந்து சுட்டுது. நானும் அண்ணையும் குசினித் தரையில குப்புறக் கிடந்தம். முதல் வெடி ஒண்டும் எங்களில படேல்லை. பிறகு சத்தம் நிண்டுட்டுது."

சாருகா அவரைப் பார்க்காமல் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாக் காது குடுத்துக் கேட்டனான். ஒரு சத்தமும் இல்லை. 'அது போயிட்டுது அண்ணை' எண்டு சொன்னனான். நான்தான் சொன்னனான். அண்ணை தலையைத் தூக்கினவர்."

அவருடைய கை, இருந்த இடத்திலேயே, முழங்காலை இரண்டு தரம் தட்டியது.

"அது திரும்பி வந்தது."

குர்ட் இன்னொரு தரம் சுட்டார். புவனேந்திரனின் தோள் மெல்லக் குலுங்கியது. இப்போது அது குலுங்குவது அவருக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் கொடுமை.

"யோகா அன்ரிக்குத் தெரியுமோ?"

"அண்ணை செத்தது தெரியும். நான் அப்பிடிச் சொன்னது தெரியாமல் இருந்தது. போன கிழமைதான் சொன்னனான். அவள் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே நிண்டவள்."

பிறகு அவர் கேட்க வந்ததைக் கேட்டார்.

"ரீச்சர், எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. மூண்டு வருசம் இந்தப் பாயில கிடந்து சந்தோசமாச் சுட்டனான். என்ர சீவியத்தில அப்பிடிச் சந்தோசமா இருந்த நேரம் குறைவு. இப்ப பாத்தால், உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டுதான் சுட்டிருக்கிறன். அப்ப அந்தச் சந்தோசம் பொய்யோ?"

சாருகா எழும்பினாள். துணிப்பையின் சிப்பைத் திறந்தாள். கறுப்பு டேப் ஒட்டிய அதே மகஸினை எடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நிரப்பினாள். ஆறு தரம் 'கிளிக்' என்று கேட்டது.

"என்ன செய்யிறியள்? நான் திருப்பித் தர வந்தனான்."

"தரலாம். அதுக்கு முதல் இதைச் சுடுங்கோ. ஆறில ஒண்டு பொய் ரவை."

"திரும்பவும் என்னைக் கோமாளி ஆக்கவோ?"

"ஒண்டுதான் கிடக்கு. எது எண்டு கண்டுபிடியுங்கோ. அவ்வளவுதான் வேலை. பத்து எடுக்கச் சொல்லேல்லை."

அவருக்குக் கோபம் வந்தது. எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் இன்று போனால் இனி இந்தப் பாய் தனக்கு இல்லை என்பதும் தெரியும். படுத்தார்.

முதலாவது. இதுவாக இருக்குமோ? குழலின் நுனியையே பார்த்துக்கொண்டு, விரலை ஆறுதலாக அழுத்தினார். எங்கே குனிகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். வெடித்தது. அவருக்கே அது எதிர்பாராத வெடி.

இரண்டாவது. எப்போதும் இங்கேதான் எல்லாம் பிழைத்துப் போகும். இதுதான் பொய் ரவை, நிச்சயம் இதுதான் என்று நினைத்தார். கண்ணை அகலத் திறந்து 'டிக்' வரட்டும் என்று காத்திருந்தபடி அழுத்தினார். வெடித்தது. தோளில் உதைத்தது. கண் திறந்தபடியே இருந்தது.

மூன்றாவது. அதுவும் பொய் ரவை இல்லை. நான்காவது அழுத்தும்போது குர்ட்டும் சுட்டார். புவனேந்திரன் அதைக் கேட்டார், கேட்டுவிட்டு விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வெடித்தது. ஐந்தாவதும் வெடித்தது. அப்படியென்றால் ஆறாவதுதான் என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. பிடிபட்டுப் போனாய், வா என்று அழுத்தினார்.

அதுவும் வெடித்தது. மகஸின் காலியாகி, துவக்கு வாயைத் திறந்தபடி நின்றது.

கொட்டகையில் சத்தம் இல்லை. குர்ட்டும் ரவை முடிந்து நிறுத்தியிருந்தார். புவனேந்திரன் மெல்லத் திரையின் பக்கம் தலையைத் திருப்பினார். பத்து, பத்து, ஒன்பது, பத்து, பத்து, பத்து. ஏழு மணிப் பக்கம் துப்புரவாக வெறுமையாகக் கிடந்தது.

அவர் அந்தத் திரையை நெடுநேரம் பார்த்தார். வேறு யாரோ சுட்டதைப் பார்ப்பது போலத்தான் முதலில் இருந்தது. பிறகு, கணக்குச் சரிவந்த அந்தப் பிள்ளையின் சிரிப்பு முகத்துக்கு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைக்கக் கை போகவில்லை.

"இன்னும் ஆறு தாங்கோ, ரீச்சர்."

சாருகா மகஸினைக் கழற்றி எடுத்தாள். இந்த முறை டேப்பை உரித்துவிட்டு, அவர் பார்க்கும்படி ஒவ்வொரு ரவையாக அடுக்கத் தொடங்கினாள்.

"அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ" என்றார் அவர். "ஆறும் வெடிச்சிட்டுது. பொய் ரவை எங்க?"

"போடேல்லை."

அவர் பாயில் கிடந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையை முழுதாக உயர்த்தித்தான் பார்த்தார்.

"போடேல்லையோ? பிறகு ஏன் கிடக்கு எண்டு சொன்னனீங்கள்? இப்ப வரும், இப்ப வரும் எண்டு ஒவ்வொண்டுக்கும் காத்துக்கொண்டு கிடந்தனான்!"

"ஓம் அங்கிள்" என்றாள் சாருகா. "நீங்கள் மூண்டு வருசமாக் காத்துக்கொண்டு கிடந்த ஹெலியும் இந்த முறை திரும்பி வரேல்லை."