பனிச்சரிவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

“அம்மா, உலகத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும்?” என்று கேட்டார் கோதண்டம்.

“முதலில் கண்ணாடி வாங்குங்கள்,” என்றார் குரு மங்கலை அம்மை.

இமயத்தின் அடிவாரக் கடைத்தெரு. கைவிரல் விறைக்கிற மார்கழிக் குளிர். விடிந்தால் பனிச்சரிவில் ஏறி மேலே இருக்கிற மடத்துக்குப் போக வேண்டும். குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபது. ஈரோட்டில் பழைய டயர் வியாபாரத்தில் புரண்டு எழுந்தவர், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்திருந்தார்.

ஆனால் முழுசாக உதறவில்லை. சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். வெட்டிவிட்டார்.

“யார்?”

“மகளுங்க. தை மாசம் வளைகாப்பாம், வரச் சொல்றா. ஒருக்கா போனா மறுபடி உள்ளே இழுத்துப் போட்டுக்குவாங்க. போலாமா, கூடாதான்னு நீங்கதான் சொல்லோணும்.”

குரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

கடைக்காரர் பலவேசம் நெல்லைக்காரர். பட்டாளத்துக்கு வந்தவர், இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார். தமிழ்க்குரல் கேட்டதும் முகமெல்லாம் பல். “வாங்க அண்ணாச்சி, வாங்க!”

“ஏனுங்க, வெளியே ஒரே மேகம். வெயிலே இல்லாத ஊர்ல இதை வாங்கறவன் கிறுக்கனா?”

“வெயில் மேல இருந்து வந்தா தொப்பி போதும். பனியில வெளிச்சம் கீழ இருந்துல்லா வரும்! மேகத்தை நம்பிப் போன ஆளை நான் தூக்கிட்டு வந்திருக்கேன். ராத்திரி பூரா கண்ணுல மணலைக் கொட்டுன மாதிரி கத்துனாரு.”

கோதண்டம் ஒடுக்கமான ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினார். “சினிமாக்காரன் மாதிரி இல்லீங்களா?”

குரு பக்கத்தில் வந்து, காதோரத்து இடைவெளியில் தன் சுண்டுவிரலை விட்டார். விரல் கண் வரை போய்விட்டது. கோதண்டம் துள்ளினார்.

“விரலுக்கே வழி இருக்கிறது. வெளிச்சம் என்ன, கதவைத் தட்டிவிட்டா வரும்?”

கோதண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. ஏமாந்தால் அவருக்குப் பிடிக்காது, குரு முன்னால் ஏமாந்தால் சுத்தமாகப் பிடிக்காது. “பக்கத்துல மறைப்பு வெச்சதா எடுங்க. இருக்கறதுலயே கறுப்பா எடுங்க.”

பலவேசம் எடுத்தார்.

“இன்னும் கறுப்பா!”

“அண்ணாச்சி, இதுக்கு மேல போட்டா கால் வைக்கிற இடம் தெரியாது.”

“தெரியாட்டிப் போகுது. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரப்படாது. முழுசா அடைக்கறது இருந்தாக் குடுங்க, இல்லீன்னா அடுத்த கடை பார்க்கறேன்.”

“அடுத்த கடை எதற்கு?” என்றார் குரு. கோதண்டத்தின் தோளில் கிடந்த துண்டை உருவினார். அவர் கண்களை மூடி, பின்னால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். “உங்கள் சொந்தத் துண்டு. இதற்கு மேல் கறுப்பு கிடையாது. நடங்கள்.”

பலவேசம் சிரிப்பை அடக்க முடியாமல் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். கோதண்டம் இரண்டு எட்டு வைத்து, தொங்கிய கம்பளிச் சட்டைகளுக்குள் முகத்தைக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

“யாருன்னு தெரியலீங்களே! ஜீப்காரன் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தான்…” தடவித் தடவிப் பொத்தானை அமுக்கினார். “அலோ, காலையில எத்தனை மணிக்கு?”

“அப்பா!”

மகளின் குரல்.

“அப்பா, எடுத்துட்டீங்களா! அப்பா, உள்ளே உதைக்குதுப்பா. உங்களை மாதிரியே கோவக்காரக் குழந்தை.”

கோதண்டம் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் கட்டிய கண்ணோடு நின்றார். துண்டுக்குக் கீழே ஈரம் இறங்கியது; வாயோ காது வரை சிரித்தது.

“உதைக்கட்டும் சாமி, நல்லா உதைக்கட்டும். வந்தர்றேன். தையில அப்பன் அங்கதான் இருப்பேன்.”

முடிச்சை அவரே அவிழ்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் குருவிடம் திரும்பினார்.

“அப்ப எத்தனை கறுப்பு போதுமுங்க, அம்மா?”

“எதிரே வருகிறவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரிய வேண்டும்,” என்றார் குரு. “அதற்கு மேல் கறுப்பு ஆகாது.”