மேகத்தைத் திருப்பி அனுப்பிய கோதுமை

மேகமும் பயிரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கோதுமை எல்லாமே சுண்ணாம்பு மாதிரி வெளுத்து மெத்தென்று இருந்தது. ரவை உடைத்துக் கிண்டினால் பசையாகிவிடும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் இதைத் தின்பதா, சுவரில் பூசுவதா என்று விழித்தார்கள்.

கடைசியில் ஊர்க்கூட்டம் கறாராகச் சொல்லிவிட்டது. இந்த அறுவடையிலும் உப்புமா உதிரியாக வராவிட்டால், இனி இந்த ஊரில் யாரும் கோதுமை விதைக்கக் கூடாது.

வாய்க்கால் ஓரம் பேச்சிமுத்து விதைத்திருந்த கோதுமை அதற்கெல்லாம் அசரவில்லை. குண்டாக விளைந்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்று தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தது. அவன் அண்ணன் மனைவி விருமாயியின் கோதுமை கரிசல் மேட்டில் இருந்தது. அதற்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

மணி முற்றும் சமயத்தில் மேகம் மேட்டுக்கு மேலே வந்து நின்றது.

"தாயி, வாடிப்போயிருக்கியே. ஒரு பாட்டம் பெய்யட்டுமா?"

கோதுமைக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஆசை இல்லாமலா இருக்கும்?

"என்னைப் பெத்தவ இந்த நேரத்து மழையிலதான் வெளுத்துப்போனா, அண்ணாச்சி. நான் வளரும்போது பெய்ஞ்சீக, அது போதும். இப்ப வெயில விடுங்க."

விருமாயி தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? வந்த மழைய யாராச்சும் வெரட்டுவாகளா?"

மேகம் கோபித்துக்கொண்டு போய் வாய்க்கால் ஓரம் கொட்டித் தீர்த்தது. மேட்டில் வெயில் பொரிந்தது. கோதுமை தன் இலையிலும் தண்டிலும் இருந்த சத்தையெல்லாம் இழுத்து மணிக்குள் இறுக்கியது. மணி சிறுத்துக் கெட்டியாகி, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ நின்றது.

"மதினி, இது கோதுமையா பாசிமணியா? கோத்துக் கழுத்துல போட்டுக்கோங்க" என்று பேச்சிமுத்து சிரித்தான்.

அறுவடை முடிந்ததும் ஊர் கூடி இரண்டு சட்டி அடுப்பேற்றியது. பேச்சிமுத்து கரண்டியைத் தூக்கினான், சட்டியும் கூடவே வந்தது. விருமாயி தன் சட்டியைத் திறந்தாள். உப்புமா பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் இலையை நீட்டியவன் பேச்சிமுத்துதான். மறுசோறு கேட்டவனும் அவன்தான். விதைக்கு ஒரு கைப்பிடி தா என்று ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டபோது, விருமாயி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

அன்று முதல்தான், முற்றுகிற காலத்தில் வெயிலைத் தாங்கி நிற்கும் ரவைக் கோதுமை தேன் நிறக் கண்ணாடியாக இறுகுகிறது. மழைக்கு ஆசைப்பட்டு வாய் திறந்த கோதுமைக்கோ மணியின் வயிற்றில் வெள்ளை விழுகிறது.