கடைசி இலக்கம் கேட்ட மன்னர்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று சொன்னால் அந்த நாட்டாருக்கே சங்கடம், வச்சிரபாகு என்றொரு மன்னர் இருந்தார். பக்கத்து நாட்டு ராஜா தம் மண்டபச் சுவரில் பட்டப்பெயர்களைச் செதுக்கிவிட்டார். நம்மவருக்குத் தூக்கம் போயிற்று. தம் சுவரில் வேறெவரிடமும் இல்லாத ஓர் எண் வேண்டும் என்றார்.

அரண்மனைப் பெருங்கணிதர் ஞானவரோதயர் எழுந்தார். விகடகவி தேனப்பன்மேல் மன்னருக்கு இருந்த பிரியம் அவருக்கு வெகுநாள் நெஞ்செரிச்சல்.

"அரசே, ஒன்றோடு நாலில் ஒரு பங்கு, ஒன்பதில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று, ஒவ்வொரு எண்ணையும் அதனாலேயே பெருக்கி, அதில் ஒரு பங்கு எடுத்து, விடாமல் கூட்டினால் ஒரு தொகை வரும். எவ்வளவு கூட்டினாலும் இரண்டைத் தாண்டாது. அதைப் புள்ளி வைத்துக் கடைசி இலக்கம் வரை சொல்லத் தேனப்பனைப் போன்ற மேதையால்தான் முடியும்."

"சொல்லாவிட்டால்?"

"இத்தனை நாள் மேதை என்று சாப்பிட்டது பொய்யாகிறது. நாடு கடத்துவதுதான் முறை."

மன்னர் தலையாட்டினார். கணக்கு புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவர்கள் அந்தச் சபையில் நெடுநாள் இருந்ததில்லை.

மறுநாள் காலை தேனப்பன் வெறுங்கையோடு வந்து, "விடையைச் சமர்ப்பிக்கிறேன், அரசே" என்றான்.

சபை எழுந்து நின்றது, மன்னர் உட்பட. அரச ஆணைக்கு விடை சொல்லி முடியும்வரை யாரும் உட்காரவோ உண்ணவோ வெளியேறவோ கூடாது. மன்னரின் பாட்டனார் போட்ட விதி. அவருக்கு வந்த விடையெல்லாம் "ஆகட்டும், அரசே" என்பதோடு முடிந்ததால் விதி சுகமாகவே நடந்து வந்தது.

"ஒன்று" என்றான் தேனப்பன். "அதோடு நாலில் ஒரு பங்கு, ஒன்றேகால். ஐயா பெருங்கணிதரே, சரிதானே?"

ஒவ்வொரு பங்குக்கும் அவர் சரியென்று தலையாட்ட வேண்டியிருந்தது. இருபத்திரண்டாவது பங்கில்தான் தொகை ஒன்று புள்ளி ஆறைத் தொட்டது. சமையற்கட்டிலிருந்து நெய் மணம் வந்து, ஆளில்லாமல் திரும்பிப் போயிற்று.

"அடுத்த இலக்கம் எப்போதப்பா?" என்றார் மன்னர், கால் மாற்றி நின்றபடி.

"அது வர இருநூறு பங்குக்கு மேல் கூட்ட வேண்டும், அரசே. அதற்கடுத்தது ஆயிரத்துக்கு மேல். ஐயாவையே கேளுங்கள், அவர் சொன்ன வழிதான்."

மன்னர் பெருங்கணிதர் பக்கம் திரும்பினார். "கடைசி இலக்கம்?"

ஞானவரோதயர் தூணைப் பிடித்துக்கொண்டார். "அப்படி ஒன்று கிடையாது, அரசே. இலக்கம் வந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து உட்காரச் சொல்லுங்கள்."

"நேற்றே தெரியுமா உமக்கு?"

"தெரியும். இவன் திறமையைப் பார்க்கலாமே என்றுதான்."

"பார்த்தாயிற்றா?"

"முழங்கால் பார்த்துவிட்டது, அரசே."

"சரி, விடை கிடைத்தது. கடைசி இலக்கம் இல்லை. எல்லாரும் உட்காருங்கள்" என்ற மன்னர், தேனப்பனைக் கேட்டார். "நீ எதுவரை கூட்டுவதாக இருந்தாய்?"

"ஐயாவின் பசி எத்தனை பங்குவரை தாங்கும் என்று நேற்றே கணக்குப் போட்டுவிட்டேன், அரசே. அது முடிவுள்ள கணக்கு."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, கையோடு சாப்பிட அழைத்துப் போனார். ஞானவரோதயருக்கு இலை போட்டார்களா என்பது பற்றித் தகவல் இல்லை.