டிராக்டரில் இடைச்செருகல்

"என்கிட்ட என்னோடதுன்னு எதுவுமே இல்ல, அம்மை. நான் கிளம்பறேன்."

குலசேகரன் பையையும் குடையையும் தரையில் வைத்தார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. இந்தச் சீடரைவிடப் பத்து வயது இளையவர். இதை ஆசிரமத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. குலசேகரன் மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வார்.

"எதுவுமேன்னா?"

"பேச்சு எங்க வாத்தியாரோடது. கோபம் அப்பாவோடது. தியானம் நீங்க சொல்லிக்குடுத்தது. போன வாரம் ஒரு பெரிய உண்மை தோணுச்சு. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் யோசிச்சா, அது ஒரு பழைய பாட்டு. அதுக்கு அடிக்குறிப்பு எழுதினதே நான்தான்."

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

குலசேகரன் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர். மூலத்தில் இல்லாமல் பிற்காலத்தில் யாரோ எழுதி நுழைத்த பாட்டுகளைத் தேடிப் பிடித்து நீக்குவதில் பேர்பெற்றவர். அவற்றுக்கு இடைச்செருகல் என்று பெயர். ஒரு காவியத்தில் அவர் நீக்கிய நீக்கலில் நாயகனுக்குக் கல்யாணமே நடக்காமல் போயிற்று. சுவடிகள் தீர்ந்த பிறகு தன்னையே பதிப்பிக்க உட்கார்ந்துவிட்டார்.

"போலாம்" என்றார் அம்மை. "அதுக்கு முன்னால ஒரு வேலை. கொட்டகையில நம்ம டிராக்டர் நிக்குதே, அதுல எது அசல், எது பின்னால வந்ததுன்னு பாத்துச் சொல்லுங்க."

குலசேகரனின் முகம் மலர்ந்தது. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டார்.

அம்மையின் அறைக் கதவில் குமிழ் கிடையாது. குமிழ் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஒரு கயிறு. வழக்கம்போல் கயிற்றை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

*

டிராக்டரும் ஒரு சுவடிதான் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது.

பெயின்ட்டைச் சுரண்டினால் உண்மை தெரியும். உடம்பில் சிவப்புக்கு அடியில் வெறும் இரும்பு. முன்மூடியில் சிவப்புக்கு அடியில் நீலம். ஆக, முன்மூடி வேறொரு வண்டியிலிருந்து வந்தது. கம்பெனி போல்ட்டின் தலையில் பொடி எழுத்து உண்டு. பட்டறை போல்ட்டின் தலை மொட்டை.

ஸ்டியரிங் ஒரு லாரியினுடையது. புகைக்குழாய், ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் வெட்டியது. இருக்கை ஏதோ ஒரு பஸ்ஸிலிருந்து வந்திருந்தது. முதுகில் 'மகளிர்' என்று எழுதியிருந்தது. இவ்வளவு நாள் அதில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டியதை நினைத்துக் கூசினார்.

கியர் கம்பியின் தலையில் ஒரு பித்தளைக் குமிழ். சணலைச் சுற்றி, அடித்து இறக்கியிருந்தார்கள். கோணலாக.

"கேவலம்" என்றார் வாய்விட்டு.

ஆக்சிலேட்டர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி ஒன்று. இழுத்தார். ஒடிந்தது. போகட்டும், அசல் இல்லையே.

பார்த்துச் சொன்னால் போதும் என்றுதான் அம்மை சொல்லியிருந்தார். ஆனால் ஒரு பதிப்பாசிரியரால் பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எல்லாவற்றையும் கழற்றி ஒரு குவியலாகப் போட்டார்.

சமையல் பார்க்கும் ராக்கம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, ஆசிரமத்துல ஆடு உரிக்கிறீங்க?"

"இது சுத்தப் பதிப்பு, ராக்கம்மா."

"ஓடுமா?"

"ஓடறது வேற விஷயம்."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

*

காலையில் மண் பொதுபொதுவென்று ஊறிக் கிடந்தது. ராக்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். சிரிப்பு இல்லை.

"ரெண்டு வெயில் அடிச்சா நம்ம காடு பாறையாயிரும். இன்னிக்கு உழுதாத்தான் கடலை. போன வருசம் ஈரத்தை விட்டுட்டுத்தானே தை மாசத்துலருந்து ஒருவேளைக் கஞ்சி குடிச்சோம்?"

"வாடகைக்கு ஒரு வண்டி..."

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் இந்நேரம் அவங்கவங்க காட்டுல நிக்கும். இந்த வருசமும் வெளையலைன்னா அடுப்பை மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சற்று நிறுத்தினாள். "நீங்க எப்படியும் போறவரு. எனக்குப் போறதுக்கு வீடு இல்லைங்கய்யா."



அம்மை வந்தார். நிற்கும் வண்டியையும் கிடக்கும் குவியலையும் பார்த்தார்.

"நிக்கிறது?"

"அசல்."

"கெடக்கிறது?"

"இடைச்செருகல்."

அம்மை குனிந்து பித்தளைக் குமிழை எடுத்தார். முந்தானையால் துடைத்தார்.

"இதை யார் வெச்சிருப்பாங்க?"

"ஆள் தெரியல. ஆனா கைவேலை கொஞ்சமும் வராத ஆள்."

"ஆமா" என்றார் அம்மை.

குமிழைக் குவியலிலேயே வைத்துவிட்டு நடந்தார். தன் அறை வாசலில் நின்றார். ஓட்டையில் விரலை விட்டுக் கயிற்றைத் தேடினார். இழுத்தார். கதவு திறந்தது.

குலசேகரன் கதவைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

பிறகு சணலை எடுத்தார்.

குமிழை இருந்த இடத்திலேயே ஏற்றினார். எவ்வளவோ முயன்றும் அதே கோணல்தான் வந்தது. முன்மூடியை மாட்டினார். குழாயை நிறுத்தினார். லாரி ஸ்டியரிங்கில் யார் யாருடைய உள்ளங்கைகளோ பட்டுத் தேய்ந்த இடம் இருந்தது. அங்கே தன் கையை வைத்துப் பார்த்தார். 'மகளிர்' இருக்கையைக் கடைசியாக முடுக்கினார்.

இஞ்சின் கிளம்பியது. ஆனால் முனகியது. ஆக்சிலேட்டர் கம்பி இல்லாமல் அது முனகத்தான் செய்யும். கலப்பையை இழுக்காது.

"சைக்கிள் இருக்கா, ராக்கம்மா?"

"தபால்காரருதுதான். அவரு நேத்துதான் வந்துட்டுப் போனாரு."

கட்டுக்கம்பியை மாட்டிப் பார்த்தார். வளைந்துகொண்டது.

வெளியே மறுபடி தூறல் விழுந்தது. பழக்கத்தில் கை குடையைத் தேடிப் போனது. விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார்.

பிறகு குடைக் கம்பி ஒன்றைப் பிடித்து முறுக்கி ஒடித்தார். குறட்டால் இரண்டு முனையையும் வளைத்தார். மாட்டினார். ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

கொட்டகை அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

"ஐயா!" ராக்கம்மா கிழிந்த குடையைத் தூக்கிக் காட்டினாள். "இப்ப எப்படிப் போவீங்க?"

வண்டி அதற்குள் கொட்டகையைத் தாண்டியிருந்தது.

*

உழவுச் சால் நேராக வரவில்லை. ஆனால் ஆழமாக வந்தது. புரண்ட மண்ணிலிருந்து வாசனை எழுந்தது. கொக்குகள் பின்னாலேயே நடந்து வந்தன. குலசேகரனின் மூக்குக்கண்ணாடியில் தூறல் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

மேட்டு வரப்பு ஓரத்தில் அம்மை நின்றிருந்தார். மழைக்குத் தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார்.

"ஐயா! இப்ப சொல்லுங்க. இதுல எது அசல்?"

"என்னது?"

"எது அசல்னு கேட்டேன்!"

குலசேகரன் கோணல் குமிழைப் பிடித்துக் கியரை மாற்றினார்.

"கேக்கல, அம்மை! கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டியைத் திருப்பணும்!"