பனைமரத்தில் ஒரு பொந்து, வாடகை குறைவு

பெருங்காட்டுக்கு ஒரு மைனா புதிதாக வந்தது. அங்கே அதற்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தங்க ஒரு பொந்து வேண்டும்.

அந்தக் காட்டில் பொந்துகளெல்லாம் மரங்கொத்திக்குச் சொந்தம். அவற்றை வாடகைக்குப் பிடித்துத் தருவது தரகர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவது அதன் பிறவிக் குணம்.

முதலில் ஓணான் நடுக்காட்டு ஆலமரத்தைக் காட்டியது. கிளைக்குக் கிளை குடித்தனம். ஒரே கூச்சல், சண்டை! மாலையில் கூடு திரும்பும் ஒவ்வொரு பறவையும் “வந்தாச்சு!” என்று குரல் கொடுக்கும். அக்கம்பக்கத்துப் பொந்துகள் “வா, வா!” என்று பதில் சொல்லும். ஒரு பொந்திலிருந்து குரல் வராவிட்டால் நாலு பேர் போய் எட்டிப் பார்ப்பார்கள்.

“இங்க வாடகை என்னண்ணே?” என்று கேட்டது மைனா.

“தினமும் கொண்டுவர்ற பழத்துல பாதி.”

“பாதியா! பகல்கொள்ளையா இருக்கே! குறைச்சலா எதுவும் இல்லையா?”

“இருக்கே! காட்டோரத்துல ஒரு மொட்டைப் பனை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழம் குடுத்தாப் போதும்!”

மைனா ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக விசாரித்தது.

“மழைக்கு ஒழுகாதே?” ஓணான் தலையாட்டியது.

“பாம்பு ஏறாதே?” அதற்கும் தலையாட்டியது.

“பக்கத்துல சத்தம் இருக்குமா?”

“கீழ்ப் பொந்துல ஒரே ஓர் ஆந்தை. அது இருக்கிறதே தெரியாது!”

“அதுதான் எனக்கு வேணும்!” என்று மைனா அன்றைக்கே குடிபோய்விட்டது.

கொஞ்ச நாள் கொண்டாட்டம்தான். வயிறு நிறையப் பழம். ஆனால் தின்றுவிட்டு யாரோடு பேசுவது? மைனா விழித்திருக்கும்போது ஆந்தை தூங்கியது. ஆந்தை எழுந்து வேலைக்குப் போகும்போது மைனாவுக்குக் கண்ணைச் சுழற்றியது. ஒருநாள் மைனா தன் பொந்து வாசலில் நின்று, “வந்தாச்சு!” என்று கத்திப் பார்த்தது. பதில் இல்லை. அதற்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு காலையில் இறக்கையில் கருவேல முள் தைத்துவிட்டது. எப்படியோ தத்தித் தத்திப் பொந்துக்குள் வந்து விழுந்தது. அடுத்த நாள் பறக்க முடியவில்லை. “ஆந்தையாரே! ஆந்தையாரே!” என்று பகலெல்லாம் கூப்பிட்டது. கீழே குறட்டைதான் கேட்டது. நாலைந்து நாளில் பசியில் குரலும் ஓய்ந்தது.

மேலே சத்தமே இல்லாததைக் கவனித்த ஆந்தை, ஓணானைப் பார்த்தபோது சொன்னது: “மேல்வீட்டுக்காரர் காலி பண்ணிட்டார் போல!”

உடனே ஓணான் ஒரு கிளியை அழைத்து வந்தது. “அருமையான இடம்! காலியாத்தான் இருக்கு. வாடகையும் சல்லிசு!”

கிளி தலையை உள்ளே நீட்டியது. “ஐயோ! உள்ள யாரோ கிடக்கிறாங்களே!”

மைனா மெல்லக் கண் திறந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. கிளி தன் காலில் பிடித்திருந்த கொய்யாத் துண்டை அதன் வாயில் வைத்தது. பிறகு இறக்கையிலிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டது.

“இப்படிக் கிடக்கிறியே, யார்கிட்டயாவது சொல்லக்கூடாதா?”

“சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்,” என்றது மைனா. “கேட்கத்தான் ஆள் இல்லை.”

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்டால் போதாது. நம் குரல் நின்றுபோனால் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.