இன்னும் ஏறுமா?

டாலஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துவார்கள். பிள்ளைகள் உள்ளே அரிச்சுவடி படிக்கும்போது பெற்றோர் கேன்டீனில் காத்திருப்பார்கள். கேன்டீனின் கடைசி மேசை மயில்சாமியுடையது.

மயில்சாமி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. விமானக் கம்பெனிகளின் கிரெடிட் கார்டை எந்த நேரத்தில் வாங்கினால் அதிகப் பாயிண்ட் கிடைக்கும், அந்தப் பாயிண்டை வைத்து எப்படிச் சும்மா பறக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விமானப் பாயிண்டுக்கு மைல் என்றும் ஒரு பேர் உண்டு என்பதால் முதலில் கேலியாக மைல்சாமி என்றார்கள். பிறகு குருவே என்றார்கள். நாளாக நாளாகக் கேலி போய்விட்டது, குரு மட்டும் நின்றுவிட்டது.

அந்த மேசையில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது கிட்டத்தட்ட ஒழுக்கக்கேடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் காசு கொடுத்து ஊருக்குப் போய்வந்த ஒரு மனிதரிடம்கூட, "டிக்கெட்டுக்கு எவ்வளவு அழுதீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று அதற்கப்புறம் கேட்டார்கள்.

சண்முகவடிவு அந்த மேசைக்கு வந்தது ஒரு செப்டம்பரில். திருநெல்வேலிக்காரி. குருவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நல்ல வேலை, நல்ல சம்பளம். டிக்கெட் வாங்கக் காசில்லாதவள் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"இந்தக் கார்டுக்கு வெல்கம் போனஸ் அறுபதாயிரம் பாயிண்ட் போட்டிருக்கான். இப்பவே அப்ளை பண்ணிரவா? இன்னும் ஏறுமா?"

குரு திருப்பிக் கேட்டார்.

"எதுக்குப் போறீங்க?"

"சும்மா, ஊருக்கு."

"அவசரமுங்களா?"

வடிவு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அவசரம்லாம் இல்ல."

"அப்படீன்னா பொறுங்க. நவம்பர்ல ஏறும். இந்த உபசாரமெல்லாம் புதுசா வர்ற ஆளுக்குத்தானுங்க. கம்மியா இருக்கறப்ப ஒருக்கா வாங்கிட்டா, அப்புறம் எவ்வளவு ஏறுனாலும் நமக்குக் கிடையாது."

வடிவு தலையாட்டினாள்.

அவசரம் இருந்தது. அன்று காலையில்தான் தம்பி சங்கரன் ஊரிலிருந்து பேசியிருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு மறதி கூடிக்கிட்டே போவுது. நேத்து பெரியப்பாவப் பாத்து யாருன்னு கேக்காரு. ஒன் பேரச் சொன்னா மட்டும் மொகம் மலருது. அதுவும் எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. ஒன்னத் தெரியும்போதே ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு."

இதை அவள் மேசையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குரு வேறு பதில் சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீடியோ காலில் வருவார்.

"ஏட்டி வடிவு, எப்ப வார?"

"டிக்கெட்டு கெடைக்கலப்பா. கெடச்சதும் வாரேன்."

"கெடைக்கும், கெடைக்கும். மெதுவா வா."

நவம்பரில் குரு சொன்னபடியே போனஸ் ஏறியது. தொண்ணூறாயிரம். மேசையில் பாதிப் பேர் அன்றைக்கே அப்ளை செய்தார்கள். வடிவு மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"குருவே, இன்னும் ஏறுமா?"

குரு எழுந்துபோனார். கேன்டீன் மூலையில் ஒரு மைக்ரோவேவ் உண்டு. பாப்கார்ன் பாக்கெட் ஒன்றை அதற்குள் வைத்தார்.

"எப்ப நிறுத்தலாம்னு நீங்களே சொல்லுங்கக்கா."

படபடவென்று பொரிந்தது. பிறகு சத்தம் குறைந்தது. குரு பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இருங்க. உள்ள ரெண்டு மூணு பொரியாம கெடக்கும்லா" என்றாள் வடிவு.

அந்த ரெண்டு மூன்றும் பொரிவதற்குள் கருகல் வாசனை வந்துவிட்டது. எங்கே அலாரம் அடித்துவிடுமோ என்று தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை ஓடிவந்து ஜன்னலைத் திறந்தார். குரு பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தட்டில் கொட்டினார். கறுப்பாய் இருந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேசையே சிரித்தது. வடிவும் சிரித்தாள். ஆனால் கார்டு அப்ளை செய்யவில்லை.

ஜனவரியில் அந்தக் கார்டுக்கு இதுவரை யாரும் பார்த்திராத போனஸ் வந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம். வடிவு அந்த நிமிஷமே அப்ளை செய்தாள், கார்டும் கிடைத்தது. நவம்பரில் அவசரப்பட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் மைசூர்பாக் வாங்கிவந்தார்.

"குருவையே மிஞ்சிட்டீங்களே வடிவு!"

குரு மைசூர்பாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எப்பப் போறீங்கக்கா?"

"மொதல்ல கார்டுக்காரன் சொன்ன தொகைக்கு அந்தக் கார்டுல செலவு பண்ணணும். அப்பத்தான் பாயிண்ட் வரும். அப்புறம் சீட் பாக்கணும்லா."

கார் இன்சூரன்ஸ் கட்டினாள். மகனின் கோடை முகாமுக்கு முன்பணம் கட்டினாள். வீட்டுக்குத் தேவையில்லாத ஒரு பிரிட்ஜ்கூட வாங்கினாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சங்கரன் வழக்கம்போல் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தான். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு சங்கரன் பக்கம் திரும்பி, "இது யாரு, செய்தி வாசிக்க பிள்ளையா?" என்று கேட்டார்.

வடிவு போனை வைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். பாயிண்ட் இன்னும் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காசுக்கு டிக்கெட் பார்க்கவே இல்லை.

பாயிண்ட் வந்தது. பாயிண்டுக்கு சீட் கிடைத்தது ஜூன் மாதத்தில். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகிற சீட். மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் கொடுத்தார்கள். அவளுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

வடிவின் அப்பா ஆறுமுகநயினார், திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தார். மகளைக் கொஞ்சினால் ஏட்டி என்பார், கோபம் வந்தால் மூதி என்பார். அவளை வாங்க, போங்க என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வடிவு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வாங்க, வாங்கம்மா. உக்காருங்க. ஏல, ஃபேனப் போடு. என்ன பாக்கீங்க, பட்டா, நூலா?"

வடிவு பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"எப்பா, வடிவுப்பா. அக்கா வந்துருக்கா" என்றான் சங்கரன்.

நயினார் அவளைப் பார்த்துச் சிரித்தார். கடைக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோற்று வாளி கொண்டுபோனபோதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். பிறகு நயினார் பீரோவைத் திறந்து போர்வை, துண்டு, வேட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, கட்டில்மேல் விரித்துப் போட்டார்.

"கை வச்சுப் பாருங்க. சாயம் போவாது."

வடிவு கை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு."

"விசேஷத்துக்கா?"

"ஆமா."

"எந்தூரு?"

"அமெரிக்கா."

நயினாரின் முகம் மலர்ந்தது.

"எம் மவளும் அங்கதான் இருக்கா. வாரேன் வாரேன்னுதான் சொல்லுதா. பாவம், டிக்கெட்டு கெடைக்கலையாம்."

வடிவு விரித்துக் கிடந்த போர்வையை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அடக்க முடியவில்லை. நயினார் பதறிப்போனார்.

"வெல கூட இருக்கேன்னு அழாதீங்கம்மா. மொதலாளிட்டச் சொல்லிக் கொறைக்கச் சொல்லுதேன்."

அவள் அங்கே இருந்த நாட்களில் தினமும் காலையில் அவர் அவளை எழுந்து நின்று வரவேற்றார். தினமும் அதே போர்வைகளை விரித்தார். ஒரு நாள்கூட ஏட்டி என்று கூப்பிடவில்லை. கிளம்புகிற அன்று வாசல்வரை வந்து, "அடுத்த விசேஷத்துக்கும் நம்ம கடைக்கே வந்துரணும்" என்றார்.

கோடை விடுமுறை முடிந்து தமிழ்ப் பள்ளி திறந்தது. மேசையில் எல்லாரும் வடிவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சீட்டு எப்படி? நல்லாப் படுக்க முடிஞ்சுதா?"

"சாப்பாடு எப்படி?"

"பாயிண்ட் மிச்சம் இருக்கா?"

வடிவு எல்லாவற்றுக்கும் ம் என்றாள். மணி அடித்ததும் எல்லாரும் பிள்ளைகளைக் கூப்பிடப் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. குருவும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி" என்றாள். குருவை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கே போங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவசரமில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று குரு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். சங்கரன் போனில் சொன்னது, செய்தி வாசிக்கிற பெண்ணா என்று அப்பா கேட்டது, போர்வைகளை விரித்தது, விலையைக் குறைக்கச் சொல்கிறேன் என்றது.

குரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காக் கேட்டிருக்கணுமுங்க. அவசரமில்லைன்னு சொல்றப்ப உங்க மூஞ்சி நல்லாயில்லை. நாங் கேக்காம உட்டுட்டேன்."

"கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் வடிவு. "பயம் தம்பி. போய் நின்னு, என்னத் தெரியலன்னா என்ன செய்யன்னு பயம். இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும்னு சொல்லிக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன். காசெல்லாம் ஒரு காரணமே இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்காருங்க?"

"சேலை காட்டுததையும் விட்டுட்டாராம். பேச்சு கொறஞ்சுட்டு. யாரு வந்தாலும் வாங்கன்னு மட்டும் சொல்லுதாராம். அதோட சரி."

குரு மடிக்கணினியைத் திறந்தார். டாலஸிலிருந்து மதுரைக்கு, வருகிற புதன்கிழமை என்று போட்டார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

வடிவு பார்த்தாள். கீழே பாயிண்ட் எதுவும் இல்லை. டாலரில் விலை போட்டிருந்தது, அதுவும் கொள்ளை விலை. அந்த மேசையில் அப்படி ஒரு பக்கத்தை இதுவரை யாரும் திறந்ததில்லை.

"இது காசுல்லா?"

"ஆமாங்க."

"தம்பி, நான் யாருன்னே தெரியாத மனுசன். இனிமே ஓடிப்போயி என்ன செய்ய?"

"வாங்கன்னு இன்னும் சொல்றாருங்களே" என்றார் குரு. "அதையும் மறக்கறதுக்குள்ள போயிருங்கக்கா."