கோதாவில் கிளம்பிய சல்லி

சண்முகவடிவு ஒரு கோதா நடத்திவந்தாள். மல்யுத்தம் பழகும் மண்குழி அது. அவளிடம் பழகவந்த குத்தாலிங்கம் அவளைவிட மூத்தவர். அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"வாத்தியாரம்மா, இன்னைக்கு நடை மட்டும்தானா?"

"ஆமா. நேத்து முழுக்கப் புரண்ட உடம்பு. சும்மா உக்காரவும் கூடாது, போட்டு வதைக்கவும் கூடாது. பேசிக்கிட்டே நடக்கணும், மூச்சு வாங்கக் கூடாது."

"கோயில் கொடைத் திருவிழாப் போட்டி நெருங்கிட்டு. இந்தத் தடவையும் பேச்சிமுத்துகிட்ட விழுந்தா, இனிமே என் பேரைக் கூப்பிடவே மாட்டாவ. நீங்க என்னன்னா நடக்கச் சொல்லுதிய! யார்கூடப் பேசிக்கிட்டு நடக்க?"

"பேச்சிமுத்துவைத் திட்டிக்கிட்டே நடங்க. தெப்பக்குளத்தைச் சுத்தி வாங்க, போதும்."

போனவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"ஓடினியளா?"

"இல்லம்மா. குளத்துல தவறி விழுந்துட்டேன்."

"குளத்துல தண்ணியே இல்லையே, அண்ணாச்சி."

அவர் வானத்தைப் பார்த்தார்.

சண்முகவடிவு பெருமூச்சு விட்டாள். ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"மிதிபட்டு மிதிபட்டு மண்ணு இறுகிப்போச்சு. மேலாகக் கிளறி விடுங்க. விரல் ஆழம் போதும். நான் எண்ணெய் வாங்கிட்டு வந்துடுதேன்."

அவள் திரும்பி வந்தபோது குத்தாலிங்கம் முழங்கால் ஆழத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். மண் மெத்தைக்கு அடியில் தண்ணீர் வடியப் போட்டிருந்த செங்கல் சல்லியெல்லாம் மேலே வந்து, எண்ணெயும் மஞ்சளும் ஊறிய மண்ணோடு கலந்து கிடந்தது.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"விரல் ஆழம்னு சொன்னேனே, அண்ணாச்சி!"

"அதெல்லாம் ஒரு வேலையாம்மா? செஞ்சா முழுசாச் செய்யணும்லா!"

சாயங்காலம் பழக வந்தவர்கள் குழியின் ஓரத்திலேயே நின்றார்கள். ஒருவரும் காலை உள்ளே வைக்கவில்லை.

"இதுல விழுந்தா முதுகுத் தோலு மிஞ்சுமா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவருக்கு ரோஷம் வந்தது. "எல்லாரும் தள்ளுங்கடே! ஒத்தை ஆளா இப்பவே சலிச்சுப் போடுதேன்."

பெரிய சல்லடையை எடுத்து, மண்ணை அள்ளிப்போட்டுத் தூக்கினார். சல்லடை மார்பு வரை வந்தது. அதற்குமேல் வலது தோள் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார். சல்லடை கையைவிட்டு நழுவி விழுந்தது.

சண்முகவடிவு எழுந்து வந்தாள்.

"இது எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளாவே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நடக்கச் சொல்லுவிய."

அவள் குனிந்து ஒரு சல்லியைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். பிறகு இன்னொன்று.

"வாத்தியாரம்மா, கொடைக்குள்ள சரியாயிடுமா?"

"மண்ணு சரியாயிடும், அண்ணாச்சி. அதைச் சலிச்சுக்கிடலாம்."